துக்கத்தில் இருப்பவளிடம் என்ன பேசுவது?

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் கிடைத்தது. உடனே பதில் போட நினைத்தேன். மூட்டுவலி ஒரு பக்கம், வீட்டுக்கு வெள்ளையடிக்கும் வேலை ஒரு பக்கம் என்று தள்ளிப்போய்விட்டது. உன் மகளுக்கு வேலை கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். இனிமேல் அவள் சொல்வதை நீ கேட்க வேண்டிய காலம், தயாராக இரு.

கணவரை இழந்த உன் அலுவலகத் தோழி லீவு முடிந்து வரப்போகிறாள், அவளிடம் என்ன பேசுவது என்று கேட்டிருக்கிறாய். நான் சேர்ந்திருக்கும் தன்னார்வலர் குழுவில் இதற்குப் பயிற்சி கொடுக்கிறார்கள் என்று ஒரு தடவை சொன்னதற்கு, என்னைப் பெரிய நிபுணராகவே ஆக்கிவிட்டாய்! சரி, தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதல் வகுப்பிலேயே எங்களை இரண்டிரண்டு பேராக உட்கார வைத்தார்கள். ஒருவர் தன் இழப்பைப் பற்றி ஐந்து நிமிடம் பேச வேண்டும், எதிரில் இருப்பவர் வாயே திறக்கக்கூடாது. ஐந்து நிமிடம்தானே என்று நினைப்பாய். இருந்து பார்த்தால் தெரியும். 'எங்கள் வீட்டிலும் இப்படித்தான்', 'கஷ்டப்படாமல் போனாரே, அது போதும்', 'பிள்ளைக்காகவாவது தைரியமாக இருங்கள்' என்று ஒன்றன் பின் ஒன்றாக நாக்கு நுனிக்கு வந்து நிற்கும். பயிற்சி கொடுத்த அம்மா கடைசியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "இதைச் சொல்லியிருந்தால் யாருக்கு நிம்மதி? அவருக்கா, உங்களுக்கா?"

அதனால் நீ பெரிதாக எதுவும் தயார் செய்துகொண்டு போகாதே. "என்ன சொல்வதென்று தெரியவில்லை, ஆனால் உன் ஞாபகமாகவே இருந்தேன்" என்றால் போதும். அதையும் பத்துப் பேர் பார்க்கிற இடத்தில் சொல்லாதே. சிலருக்கு வேலை நேரம்தான் மூச்சு விடுகிற நேரம்; அங்கேயும் எல்லோரும் பாவமாகப் பார்த்தால் தாங்காது. பேசப் பிடித்திருக்கிறதா, வேலையைப் பார்க்கலாமா என்று அவளையே கேள். அப்புறம், அவள் கணவர் பெயரைச் சொல்லிப் பேசு. சொன்னால் ஞாபகம் வந்து அழுவாளே என்று பயப்படுகிறோம். அவள் மறந்தால்தானே புதிதாக ஞாபகம் வர?

'எது வேண்டுமானாலும் கேள்' என்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடு. மனதாரத்தான் சொல்கிறோம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தனக்கு என்ன தேவை என்று யோசித்து, யாரிடம் கேட்கலாம் என்று தேர்ந்தெடுத்து, கூச்சத்தை விட்டுக் கேட்கிற வேலையெல்லாம் அவள் தலையில்தான் விழுகிறது. "வியாழக்கிழமை பையனைப் பள்ளியிலிருந்து நான் கூட்டிவரவா? வேண்டாமென்றால் வேண்டாம் என்று சொல்லிவிடு" என்று கேட்டால், அவள் தலையை ஆட்டினால் போதும்.

நான் வாராவாரம் போய்ப் பார்க்கிற பெரியவர் ஒருவர் இருக்கிறார். மனைவி இறந்து சில மாதங்கள் ஆகின்றன. அங்கே நான் செய்வது குமாஸ்தா வேலைதான். வங்கி, காப்பீடு என்று எங்கே போனாலும் இறப்புச் சான்றிதழுக்கு நகல் கேட்கிறார்கள். ஓரிடத்தில், கணக்கு வைத்திருப்பவரே நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்களாம்! போன முறை காகிதங்களை அடுக்கும்போது கவனித்தேன், எல்லா ஃபைல் மேலும் அந்த அம்மாவின் எழுத்தில் பச்சை மையில் தலைப்பு: 'வரி', 'வீட்டுப் பத்திரம்', 'டாக்டர்'. இருப்பதிலேயே தடித்த ஃபைலில் மட்டும் 'அப்புறம் பார்த்துக்கலாம்'. இதில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். மனிதர் சிரித்துவிட்டார். அன்றைக்குப் படிவம் ஒன்றும் நிரப்பவில்லை. அந்த ஃபைலைப் பிரித்து, காகிதத்துக்கு ஒரு கதையாகச் சொன்னார். நடுவில் அழுதார், கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி சிரித்தார்.

உன் தோழியும் இப்படித்தான் இருப்பாள். மத்தியானம் சிரித்தாளே, தேறிவிட்டாள் என்று கணக்குப் போடாதே. மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹென்க் ஷுட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1999-இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். மனம் கொஞ்ச நேரம் இழப்பில் மூழ்கும், கொஞ்ச நேரம் அடுத்த வேலையைப் பார்க்கும். இப்படி மாறி மாறிப் போய்வருவதுதான் இயல்பு என்கிறார்கள். துக்கத்துக்கு மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்று ஐந்து கட்டங்கள் உண்டு என்று எல்லோரும் சொல்கிறார்களே, அதை எலிசபெத் கூப்லர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969-இல் முன்வைத்தது, சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசிப் பார்த்து. பின்னால்தான் அது துக்கத்தில் இருப்பவர்களுக்கும் பொருத்தப்பட்டது. 'உனக்கு இன்னும் கோபக் கட்டம் வரவில்லையே' என்று யாராவது அவளிடம் ஆரம்பித்தால் நீயே பேச்சை மாற்றிவிடு.

உன் தோழிக்குச் சின்னப் பையன் என்று எழுதியிருந்தாய். 'அப்பா தூங்குகிறார்', 'வெளியூர் போயிருக்கிறார்' என்று பெரியவர்கள் சொல்லிவைப்பார்கள். அப்புறம் குழந்தை தூங்கவே பயப்படும், இல்லாவிட்டால் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும். இறந்துவிட்டார், அவர் உடம்பு வேலை செய்வது நின்றுவிட்டது, இனி வரமாட்டார் என்று பட்டென்று சொல்லிவிடுவதுதான் நல்லது. நமக்குத்தான் வாய் வராது. திரும்பத் திரும்பக் கேட்பான், திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும்.

உன் தம்பி மனைவிக்குக் கரு கலைந்ததைக் கடிதத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதியிருந்தாய். எனக்கு அதுதான் மனதை விட்டுப் போகவில்லை. 'மூன்று மாதம்தானே, அடுத்தது நல்லபடியாகப் பிறக்கும்' என்று எல்லோரும் சொல்லியிருப்பார்கள். சுற்றியிருப்பவர்கள் துக்கமாகவே கணக்கில் எடுக்காத இப்படிப்பட்ட இழப்புகளைப் பற்றி 1989-இல் கென்னத் டோகா என்ற ஆய்வாளர் எழுதினார். பிரிந்துபோன பழைய கணவர், வெளியே சொல்ல முடியாத உறவு, பிள்ளை மாதிரி வளர்த்த நாய் என்று நிறைய இருக்கிறது. யாரும் விசாரிக்க வராத துக்கம். நாத்தனார் நீ போய் ஒரு வார்த்தை கேட்டால் அந்தப் பெண்ணுக்கு எவ்வளவோ ஆறுதலாக இருக்கும். தம்பியையும் கேள், அவனை யாரும் கேட்டிருக்கவே மாட்டார்கள்.

எப்போது கவலைப்பட வேண்டும் என்றால், உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் ஆறு மாதம் தாண்டியும் அன்றாட வாழ்க்கையே நடத்த முடியாத அளவுக்கு ஏக்கம் இருந்தால் அதை ஒரு மனநலக் கோளாறாக வைத்திருக்கிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் பெரியவர்களுக்கு ஒரு வருடம். அதற்குள் அழுது முடித்துவிட வேண்டும் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால், 'நானும் போய்விட்டால் தேவலை' என்கிற மாதிரி உன் தோழி பேசினால் மாதக் கணக்கெல்லாம் பார்க்காதே. தற்கொலை எண்ணம் வருகிறதா என்று நேராகக் கேட்டுவிடு. கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியாக விடாமல் டாக்டரிடம் கூட்டிப் போ.

இன்னொன்று. உன் தோழியின் கணவர் பிறந்தநாள், அவர்கள் கல்யாண நாள் இரண்டையும் விசாரித்து உன் காலண்டரில் குறித்து வை. முதல் மாதம் போன் ஓயாது. நாலாவது ஐந்தாவது மாதத்தில்தான் எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போயிருப்பார்கள். நீ அப்போது கூப்பிடு.

வீட்டுக்காரரை விசாரித்ததாகச் சொல். எந்தத் தேதியில் இங்கே வருகிறாய் என்று சீக்கிரம் எழுது, நான் அந்த வாரம் வேறு எதையும் ஒத்துக்கொள்ளாமல் இருக்கிறேன்.

அன்புடன்,
கமலா