ராயபுரம் மரபு நடைக்குத் துணை நின்றவர்களுக்கு நன்றி

ராயபுரம் உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

மே மாத ஞாயிறு காலை ராயபுரத்தின் பழைய இடங்களைச் சுற்றிக்காட்ட நாங்கள் நடத்திய மரபு நடை நல்லபடியாக முடிந்தது. பத்துப் பதினைந்து பேர் வந்தாலே பெரிய விஷயம் என்றுதான் கிளம்பினோம். கூட்டம் தெரு அகலத்துக்கு வந்துவிட்டது. அத்தனை பேரையும் வெயில் ஏறுவதற்குள் சுற்றிக்காட்டிப் பத்திரமாக அனுப்ப முடிந்தது உங்களால்தான்.

முதல் நன்றி புனித இராயப்பர் (பீட்டர்) ஆலயப் பங்குத்தந்தைக்கு. முதல் பூசைக்கும் அடுத்த பூசைக்கும் நடுவில் இருந்த கொஞ்ச நேரத்தை எங்களுக்கு விட்டுக்கொடுத்தார். ஆலயத்தைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை ஐயா ஜன்னல்களை எல்லாம் திறந்து, மின்விசிறியையும் போட்டுவிட்டு, "சத்தம் போடாம பேசுங்க, ஜெபம் பண்றவங்க இருக்காங்க" என்று ஒரே வார்த்தையில் எங்களை வழிக்குக் கொண்டுவந்தார்.

இந்தக் கோயிலின் கதையை நாங்கள் புத்தகத்தில் படித்துத் தயாரித்து வைத்திருந்தோம். கும்பினியாரிடம், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியிடம், வேலை பார்த்த படகோட்டிகள் 1829ல் எழுப்பிய கோயில். அன்று சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்க, ஆளையும் சரக்கையும் அலை தாண்டிக் கரை சேர்த்தது பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள். இவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்தது. மீதியைச் சொன்னவர் காசிமேட்டுத் தாத்தா. மீன்பிடித் தடைக்காலம் என்பதால் படகுகள் கரையில் கிடந்தன, அவருக்கும் நேரம் இருந்தது. எங்களுக்காகவே இரண்டு பலகைத் துண்டுகளில் வரிசையாகத் துளை போட்டுக் கொண்டுவந்திருந்தார். பலகைகளின் இடுக்கில் வைக்கோலைத் திணித்தார். தேங்காய் நார்க் கயிற்றைத் துளைக்குத் துளை கோத்து, காலால் மிதித்துக்கொண்டு இழுத்து இறுக்கினார். அப்புறம் அதைத் தூக்கி ஒரு பையன் கையில் கொடுத்து வளைக்கச் சொன்னார். லேசாக வளைந்தது. "ஆணி அடிச்ச படகு அலையில மோதினா உடையும். தைச்சது வளைஞ்சு குடுக்கும்" என்றார். கோயில் வளாகத்தில் அத்தனை பேரும் வாயடைத்து நின்றது அப்போதுதான். நாங்கள் எழுதி வைத்திருந்த குறிப்பை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டோம். தாத்தா, உங்களுக்குத் தனியாக ஒரு கும்பிடு. அந்தப் பலகையைப் பக்கத்துப் பள்ளி டீச்சர் வகுப்பில் காட்டுவதற்குக் கேட்டு வாங்கிப் போயிருக்கிறார், தெரியும்தானே?

மேற்கு மாதா கோயில் தெருவில் இருக்கும் பார்சி அக்னி கோயிலில், அவர்கள் நெறிப்படி வெளியார் உள்ளே போகக் கூடாது என்பதால் வாசலோடு நின்றோம். மகன் ஜாலை இழந்த பிரோஜ் கிளப்வாலா அவன் நினைவாக 1910ல் கட்டித் தந்த கோயில் இது. பிள்ளைகள் அடுக்கிய கேள்விகளுக்கெல்லாம் முகம் சுளிக்காமல் பதில் சொன்ன காவலாளி அண்ணனுக்கு நன்றி. "நெருப்பு அணைஞ்சா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்ட வாண்டுக்கு, "அணைய விடமாட்டோம்" என்றார். வேறென்ன சொல்ல முடியும்!

ராயபுரம் ரயில் நிலையத்தில் எல்லோருக்கும் பிளாட்பார டிக்கெட் எடுக்க வரிசையை ஒழுங்கு செய்த ஊழியர்களுக்கும் நன்றி. 1856 ஜூன் 28ல் திறந்த கட்டடம், நாட்டில் இன்றும் நிற்கும் நிலையங்களில் மிகப் பழையது. முதல் வண்டி ஜூலை 1ல் இங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குப் போனது. சென்ட்ரல் வந்தது அதற்கு 17 வருஷம் கழித்து. சென்ட்ரலைப் படம் எடுக்கிற கூட்டத்தில் கால்வாசியாவது இந்தத் தூண்களைப் பார்க்க வரலாம் என்பது என் பல நாள் ஆதங்கம்.

சொல்லாமல் விட்டால் தப்பாகிவிடும்: தெருமுனையில் பானை வைத்து மோர் ஊற்றிய அக்காமார்கள், முடியாத பெரியவர்களைக் காசு வாங்காமல் கோயிலிலிருந்து நிலையம் வரை ஏற்றிச் சென்ற ஆட்டோ அண்ணன்கள், ரோட்டைக் கடக்கும்போது கயிறு பிடித்து நின்ற பங்கு இளைஞர்கள். தன் வீட்டுத் திண்ணையில் எல்லோரையும் உட்காரவைத்த பாட்டியம்மா, கடைசியில் எங்களையே கேள்வி கேட்டார்: "இதெல்லாம் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தீங்க?" ஆமாம் பாட்டி, இதற்குத்தான்.

ஜூன் 29 இராயப்பர் திருநாள். அன்று நடை எதுவும் கிடையாது, கும்பிட வருகிறோம். நடையில் எடுத்த படங்கள் வேண்டும் என்பவர்கள் அன்று எங்களிடம் கேளுங்கள், பிரதி போட்டுக் கொண்டுவருகிறோம். யாரோ விட்டுப்போன நீலக் குடை ஒன்று ஆட்டோ ஸ்டாண்டில் இருக்கிறது. அடையாளம் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
நடைக் குழுவினர்