கடைப் பெண்ணுக்குப் பேர் வந்த கதை

தருமபுரி
ஞாயிறு மதியம்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. நீ பேனா பிடித்து நாலு பக்கம் எழுதியிருக்கும்போது நான் வாட்ஸ்அப்பில் ரெண்டு வரி தட்டினால் நன்றாக இருக்காது, அதனால்தான் உட்கார்ந்துவிட்டேன். முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது. தையல் மிஷினுக்கு மோட்டார் போட்டாயிற்று, மிதிக்கிற வேலை மிச்சம். கிருஷ்ணகிரி மண்டிக்கு இப்போது செந்தூராதான் வருகிறது. நீ கேட்ட மல்கோவாவுக்கு இன்னும் நாள் இருக்கிறது, பொறு.

பெரிய சேதி வேறு. கடையில் கொக்கி கட்டவும் எம்மிங் போடவும் ஒரு பெண் வருகிறாள் என்று எழுதியிருந்தேனே, பென்னாகரம் பக்கத்துப் பெண், அவளுக்குப் பேர் வந்துவிட்டது! பொங்கல் லீவில் ஒகேனக்கல் போனவள், நீலப் புடவையோடு பரிசலில் உட்கார்ந்து, ஒரு பழைய பாட்டுக்கு வாயசைத்து, கடைசியில் தண்ணீர் தெறித்ததும் முகத்தைச் சுளித்துச் சிரித்திருக்கிறாள். பதினெட்டு விநாடி வீடியோ. அதைப் பன்னிரண்டு லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள்.

முதல் வாரம் கடையில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தாள். இரண்டாம் வாரம் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஒருத்தர் பழைய பேன்ட் ஒன்றை உயரம் குறைக்கக் கொண்டுவந்தார். நான் லேடீஸ் டெய்லர் என்று சொன்ன பிறகும் அரைமணி நேரம் நகரவில்லை. இன்னொருவர், நம் அண்ணன் வயசு இருக்கும், வாசலில் நின்றுகொண்டு, "பாப்பா, அந்த மாதிரி ஒரு தடவை சிரி, பார்ப்போம்" என்றார். அவள் சிரித்தாள்! எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. எதுக்குடி சிரிச்சே என்றால், "சிரிக்கலேன்னா திமிர் புடிச்சவன்னு போடுவாங்கக்கா" என்கிறாள். அன்று சாயங்காலம் பட்டு ஜாக்கெட் ஒன்றுக்குக் கொக்கியை எதிர்ப்பக்கம் கட்டிவிட்டு, ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே சொன்னாள்: "அந்த வீடியோவுல இருக்கறவ என்னைவிட நல்லா இருக்காக்கா. எல்லாரும் அவளத் தேடிட்டுதான் வராங்க. என்னைப் பாத்ததும் சப்புனு ஆயிடுது அவங்களுக்கு."

பிளேடு முனையில் நூலைத் தள்ளியபடி, நிமிராமல் சொன்னாள். எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

யோசித்தால் நாமும் அந்தப் பேன்ட்காரர் மாதிரிதான் இருந்திருக்கிறோம். ஞாபகம் இருக்கிறதா, 'ரோஜா' வந்த மறு வருஷம் ஒகேனக்கல் போனோமே? பரிசல்காரரிடம் 'சின்னச் சின்ன ஆசை' பாட்டுக்கு மதுபாலா எங்கே நின்றாள், எந்தப் பாறை என்று நச்சரித்து, அஞ்சு ரூபாய் கூடக் கொடுத்துச் சுற்றினோம். (நெல்லைப் பக்கம் பாணதீர்த்தத்துக்காரர்களைக் கேட்டால் அந்தப் பாட்டு தங்கள் அருவி என்பார்கள். அது வேறு வழக்கு.) ஒரு அருவிக்கே சினி ஃபால்ஸ் என்று பேர் வைத்த ஊர். சினிமா வந்து போன இடத்துக்குப் பேர் நிலைத்துவிட்டது. நானும் நாள் முழுக்கப் புடவைக்கு ஃபால்ஸ்தான் தைக்கிறேன், யார் கண்டார்கள்!

பாடியது யார் என்று அன்றைக்கு நாம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மின்மினி. அந்தப் பாட்டுக்கு மாநில அரசின் விருது வாங்கியவர். படம் வந்து ஒன்றிரண்டு வருஷத்துக்குள், லண்டனில் ஒரு மேடைக் கச்சேரியில் அவருக்குக் குரல் போய்விட்டது. பிறகு பல வருஷம் பாட முடியவில்லை. ரொம்ப நாள் கழித்து இதைப் படித்தபோது ஊசியைக் கீழே வைத்துவிட்டேன். நம் கல்லூரி பஸ்ஸில் பாதி பேர் அவர் குரலில் பாடிக்கொண்டு போன நாட்களில் அவருக்கே அந்தக் குரல் இல்லை. நமக்கு அது தெரியவும் இல்லை, தேவைப்படவும் இல்லை.

1991-ல் பர்கூருக்கு ஓடினோமே, அதுவும் அப்படித்தான். ஜெயலலிதா அங்கே நின்று ஜெயித்து முதலமைச்சர் ஆன தேர்தல். வேன் கடந்து போன அரை நிமிஷத்தில் நீ பார்த்தது புடவைக் கலர், நான் பார்த்தது ஜாக்கெட் கை எவ்வளவு நீளம் என்று. என்ன பேசினார் என்று இன்றுவரை நம் இருவருக்கும் தெரியாது. 1996-ல் அதே பர்கூரில் தோற்றபோதும் ஊர் பேசியது புடவையும் நகையும்தான். இந்தப் பக்கம் வேப்பனப்பள்ளி அருகே நாச்சிக்குப்பம் ரஜினியின் பூர்வீக ஊர். அவர் வழுக்கைத் தலையோடு மேடைக்கு வந்தால் 'என்ன எளிமை' என்று கை தட்டுகிறோம். அவரோடு ஆடிய நாயகி தலையில் நாலு நரை தெரிந்தால் 'ஐயோ, எப்படி ஆயிட்டா' என்கிறோம். என் கடை பெஞ்சில் தினம் நடக்கிற பேச்சு இது. நானும் சேர்ந்துதான் பேசுகிறேன்.

நம் தருமபுரி தகடூராக இருந்த காலத்து ஔவையையே எடுத்துக்கொள். ஔவை என்றதும் உனக்கு என்ன முகம் வருகிறது? கோல், திருநீறு, நரைத்த தலை. அது 1953-ல் வந்த படத்தில் கே.பி. சுந்தராம்பாளின் முகம். அப்போது அவர் நாற்பதைத் தாண்டியவர்தான், கிழவி இல்லை. இருபதுகளிலேயே கணவர் கிட்டப்பாவை இழந்து வெள்ளைப் புடவைக்கு மாறியவர். அந்த வெள்ளை ஔவைக்கும் ஒட்டிக்கொண்டது. ஆனால் நாம் பி.ஏ.வில் படித்த புறநானூற்று ஔவையை நினைத்துப் பார். மை தீட்டிய கண்ணும் ஒளி வீசும் நெற்றியும் உள்ள விறலியே, ஆடிப்பாடும் பெண்ணே, என்று எதிரி மன்னன் கூப்பிட்டதாக அவளே பாடுகிறாள். அதியமான் செத்தபோது, கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவானே என்று அழுகிறாள். அவனோடு உட்கார்ந்து குடித்தவள்டி அவள்! பிற்காலத்தில் வேறு ஔவைகளும் வந்தார்கள். எல்லோரையும் சேர்த்து ஒரே கிழவியாக்கி, பாடப்புத்தகத்தில் ஒட்டி முடித்துவிட்டார்கள். கல்யாணத்துக்குத் தப்பிக்கப் பிள்ளையாரிடம் முதுமையைக் கேட்டு வாங்கினாள் என்று ஒரு கதை உண்டு இல்லையா? சின்ன வயசில் அது பக்திக் கதையாகத் தெரிந்தது. இப்போது நான்கு ரோட்டில் நம் கடைப் பெண் துப்பட்டாவால் மூக்குவரை மூடிக்கொண்டு பஸ் ஏறுவதைப் பார்க்கும்போது, பேர் வாங்கிய பெண் தெருவில் நடப்பதற்குக் கேட்ட வரமாகத் தெரிகிறது. அவளிடம் கதையைச் சொன்னேன். "கிழவியெல்லாம் வேணாம்க்கா, மாஸ்க் போதும்" என்றாள்.

பாவம் என்று நினைத்துவிடாதே, அவளுக்கு ஆசையும் இருக்கிறது. ஒரு புடவைக் கடைக்காரர் ஓசியில் புடவை தருகிறேன், கட்டிக்கொண்டு வீடியோ போடு என்றிருக்கிறார். போகட்டுமா என்று கேட்டாள். புடவையோடு காசும் கேள், வாயால் பேசாதே, எழுதி வாங்கு, அண்ணனைக் கூட்டிக்கொண்டு போ என்றேன். அதற்கு ஜாக்கெட் நான்தான் தைக்கிறேன். முதலில் போட் நெக் என்றாள், மறுநாள் கழுத்தை ஏற்று என்றாள், நேற்று மறுபடி இறக்கச் சொன்னாள். மூன்றாவது தடவை கோடு போட்டிருக்கிறேன்.

போகும்போது, "அக்கா, தைச்சது யாருன்னு கடைப் பேரைப் போடட்டுமா?" என்று கேட்டாள். இவ்வளவு பேசுகிற நான் என்ன சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறாய்? போடு என்றுதான் சொன்னேன். போர்டில் எழுத்து மங்கிக் கிடக்கிறது, அதற்குள் பெயின்டரைப் பிடிக்க வேண்டும்.

உன் மகள் நிச்சயத்துக்கு உனக்கு நான்தான் தைப்பேன். அளவு ஜாக்கெட் அனுப்பு. போன தடவை மாதிரி பத்து வருஷத்துக்கு முந்தியதை அனுப்பிவிட்டு, இதுதான் இப்போதும் சரியாக இருக்கிறது என்று கதை விடாதே.

இப்படிக்கு,
உன் பக்கத்து பெஞ்சுக்காரி