அரிசி மூட்டைகளுக்கு நடுவே எடுத்த படம்: ஒரு நன்றி மடல்

பேரன்புடையீர், வணக்கம்.

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே உள்ள எங்கள் தமிழ்வழித் தொடக்கப் பள்ளியின் மாணவர் சேர்க்கைக்காக எடுத்த 3 நிமிடக் காணொளி சென்ற வாரம் முடிந்து கைக்கு வந்தது. அதற்காக உழைத்தவர்களில் பலருடைய முகம் திரையில் வரவில்லை. பெயர் போடவும் இடம் போதவில்லை. ஆகவே முன்னாள் மாணவர் குழுவின் சார்பில் இம்மடலை எழுதுகிறேன்.

ஜூனில் பள்ளி திறந்து ஆறாவது வேலை நாளில் எடுக்கும் தலைக்கணக்கை வைத்துத்தான் கேரளத்தில் வகுப்புப் பிரிவுகளும் ஆசிரியர் பணியிடங்களும் முடிவாகின்றன என்பது உங்களுக்குத் தெரியும். சில தலைகள் குறைந்தாலே ஒரு பணியிடம் போய்விடக்கூடும் என்ற கவலையில், பெற்றோர்கள் பள்ளி தேடத் தொடங்கும் முன்பே படம் தயாராக வேண்டும் என்று தை மாதத்தில் ஒரு சனி, ஞாயிறைக் குறித்தோம்.

கோவையில் விளம்பரப் படத் தொழிலில் இருக்கும் எங்கள் முன்னாள் மாணவர் ஒருவர் மூன்று வாரம் முன்னதாகவே வந்து திட்டம் போட்டுக் கொடுத்தார். யாருக்கும் வசனம் எழுதித் தரக் கூடாது, ஆளுக்கு நான்கு கேள்வி மட்டும் போதும் என்றார் அவர். கேட்பவரின் குரலை வெட்டிவிடுவதால், பதிலுக்குள்ளேயே கேள்வியும் இருக்க வேண்டும் என்பதையும் விளக்கினார்: “எப்போது படித்தீர்கள்?” என்றால் “எழுபத்தெட்டில்” என்பது பயன்படாது, “நான் 1978இல் இங்கே மூன்றாம் வகுப்பில் இருந்தேன்” என்றால்தான் பயன்படும். ஒருவரை இடப்பக்கம் பார்த்தும் அடுத்தவரை வலப்பக்கம் பார்த்தும் உட்கார வைத்ததால், வெவ்வேறு நேரத்தில் பேசியவர்கள் திரையில் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வதுபோல் அமைந்தது. நெருக்கமான கோடு போட்ட சட்டை கேமராவில் நெளியும் என்று அவர் சொன்னதை நான் மட்டும் மறந்துவிட்டு, தலைமையாசிரியையின் கணவரிடம் சட்டை கடன் வாங்கினேன்.

அவருடைய திட்டத்தில் இல்லாதது காற்று ஒன்றுதான். பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தையில் கிழக்கிலிருந்து வீசும் காற்று நமக்குப் பழக்கம். காலர் மைக்குக்குப் பழக்கமில்லை. தாழ்வாரத்தில் எடுத்த முதல் நாள் காலைப் பதிவை ஹெட்போனில் கேட்டபோது, பேச்சை மீறிப் பனையோலை உரசும் சத்தம்தான் காதில் விழுந்தது. வகுப்பறைக்குள் போனால் வெறும் சுவரில் பட்டுக் குரல் எதிரொலித்தது. நண்பகலில், சமையல் செய்யும் அக்கா தன் இடுப்பிலிருந்த சாவியை எடுத்து, மதிய உணவு அரிசி வைத்திருக்கும் அறையைத் திறந்துவிட்டார். அங்கே ஏழாம், எட்டாம் வகுப்பு படிக்கும் எங்கள் பழைய மாணவர்கள் ஐவர் மூட்டைகளை மூன்று பக்கமும் மார்பளவு உயரத்துக்கு அடுக்கினார்கள். எதிரொலி அடங்கியது. மின்விசிறியை நிறுத்திவிட்டு, சாக்கு வாசனையில் வியர்க்க வியர்க்க இரண்டு நாளும் 11 பேர் அங்கே உட்கார்ந்து பேசினார்கள். படத்தில் பின்புலமாகத் தெரியும் நீலத் திரை உண்மையில் ஆண்டுவிழாப் படுதா என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

பொள்ளாச்சியிலிருந்து வந்த ஒளிப்பதிவாளர் கோபாலபுரம் வழியாக வந்து போன பெட்ரோல் செலவுக்கு மேல் ஒரு ரூபாயும் வாங்கவில்லை. டியூப்லைட் வெளிச்சம் திரையில் துடித்தபோது, நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதைச் சொல்லி, ஷட்டர் வேகத்தை நொடியில் ஐம்பதில் ஒரு பங்குக்கு மாற்றி அதை அடக்கினார். பிள்ளைகளைப் படமெடுக்கச் சம்மதித்துக் கையெழுத்திட்ட பெற்றோர்களுக்கும், திரையின் அடியில் வரும் மலையாள எழுத்துவரிகளை எழுதித் தந்த பக்கத்துப் பள்ளி ஆசிரியைக்கும் எங்கள் நன்றி.

தென்னந்தோப்பு வேலையை விட்டுவிட்டு வந்த பாட்டியம்மாவைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அவருடைய பேச்சில் தமிழும் மலையாளமும் கலந்திருந்ததால், திருத்தமாக இன்னொரு முறை பேசச் சொல்லலாமா என்று எங்களுக்குள் ஒரு விவாதம் எழுந்தது. “வேற பாஷையில சொன்னா எம்பேத்தி தலையாட்டிட்டு வருவா, தமிழ்ல சொன்னா டீச்சரையே திருப்பிக் கேள்வி கேப்பா” என்று அவர் சொன்னதைக் கேட்ட பிறகு விவாதம் அடங்கிவிட்டது. படம் அந்த வாக்கியத்தில்தான் தொடங்குகிறது.

பேசிய 11 பேரில் 8 பேர்தான் படத்தில் இருக்கிறார்கள். மற்ற மூவரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெற மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்கு வசதி செய்து தர வேண்டும் என்று கூறும் அரசமைப்புச் சட்டப் பிரிவு 350அ குறித்து 20 நிமிடம் பேசிய ஓய்வுபெற்ற ஆசிரியர் ஐயாவுக்குப் படத்தில் கிடைத்தது 11 நொடிதான். அவர் வருந்தாமல், “அந்த 11 நொடியைச் சரியாகத்தான் எடுத்திருக்கிறாய்” என்றார். எனக்குத் தூக்கம் வந்தது அன்றிரவுதான். எல்லோருடைய முழுப் பேச்சையும் வெட்டாமல் பென் டிரைவில் ஏற்றிப் பள்ளியில் வைத்திருக்கிறோம். அவரவர் வந்து பெற்றுக்கொள்ளலாம்.

மூட்டை அடுக்கிய ஐவருக்கும் வாக்களித்த பழம்பொரி (நேந்திரம்பழ பஜ்ஜி) இன்னும் பாக்கியிருக்கிறது. வரும் சனிக்கிழமை மாலை 4 மணிக்குப் பள்ளி வாசலுக்கு வந்துவிடுங்கள்.

நன்றியுடன்,
ஒருங்கிணைப்பாளர்,
முன்னாள் மாணவர் குழு