தர்மபுரிக்குத் தண்ணீர்ச் சேதம் வராதாமே!

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த வீட்டுக் காப்பீடு பற்றிய கட்டுரையைப் படித்தேன். ‘தர்மபுரி போன்ற வறண்ட மாவட்டங்களில் இருப்பவர்கள் தண்ணீரால் வரும் சேதத்தைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை’ என்று அதில் ஒரு வரி. எழுதியவர் எந்த ஊரோ தெரியாது. எங்கள் ஊருக்கு வந்திருந்தால் ஒகேனக்கல் போகிற வழியில் டீ குடிக்க இறங்கியிருப்பார், அவ்வளவுதான் இருக்கும்.

வீட்டை நாசம் செய்கிற தண்ணீர் வானத்திலிருந்துதான் வர வேண்டும் என்று யார் சொன்னது? மேல்தொட்டியிலிருந்தும் சுவருக்குள் ஓடும் பைப்பிலிருந்தும்தான் அது பெரும்பாலும் வருகிறது. தண்ணீர் தாராளமாக வருகிற ஊரில் ஒரு தொட்டி போதும். எங்கள் தெருவில் தரைக்கடியில் சம்ப், மாடியில் போர் தண்ணீருக்கு ஒரு தொட்டி, குடிதண்ணீருக்குத் தனியாக இன்னொன்று, அதுவும் போதாமல் வாசலில் டிரம்கள். தண்ணீர் கிடைக்காத ஊர்க்காரர்கள்தான் தண்ணீரைத் தலைமேல் தேக்கி வைத்துக்கொண்டு படுக்கிறோம். குழாயில் எப்போது விடுவார்கள் என்று சொல்ல முடியாது. நடுராத்திரியில் விட்டால் எழுந்து மோட்டாரைப் போட வேண்டும். கண் அசந்தால் தொட்டி நிரம்பி மாடிப்படி வழியாக வீட்டுக்குள் வந்துவிடும்.

அப்புறம் போர் தண்ணீர். எங்கள் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. 2013-ல் திறந்தார்கள். உங்களுக்குத் தெரியாததில்லை. அந்தத் தண்ணீர் குடிக்க, சமைக்க. குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ எல்லாம் போர் தண்ணீர்தான். அதிலுள்ள சுண்ணாம்பு பைப்புக்குள் படிந்து படிந்து வழியை அடைத்துவிடுகிறது.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மாடித் தொட்டியிலிருந்து சுவருக்குள் இறங்கும் பைப்பில், படுக்கையறை அலமாரிக்குப் பின்னால் இருந்த வளைவு இணைப்பு (எல்போ) ஒரு ராத்திரி விட்டுப்போனது. நாங்கள் அரூரில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தோம். திரும்பி வந்து கதவைத் திறந்தால் கூடம் முழுக்கத் தண்ணீர். ஸ்விட்ச் போர்டிலிருந்து சொட்டுகிறது. பிளைவுட் அலமாரி உப்பிக் கதவு திறக்கவே வரவில்லை. கடப்பாரையால் நெம்பித்தான் திறந்தோம். கீழ்த்தட்டில் இருந்த என் கூரைப்புடவையின் அரக்குச் சாயம் பக்கத்தில் இருந்த வெள்ளை வேட்டிகளில் எல்லாம் ஏறியிருந்தது. மகளுடைய பள்ளிச் சான்றிதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கட்டியாகிவிட்டன.

பிளம்பர் வெட்டி எடுத்த எல்போவை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்தேன். உள்ளே வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்து பென்சில் நுழைகிற அளவுக்குத்தான் ஓட்டை இருந்தது. வளைவில் நீளமாக ஒரு விரிசல். சேதத்தைப் பார்க்கக் காப்பீட்டு நிறுவனம் அனுப்பிய சர்வேயர் வந்தார். கவரை நீட்டினேன். ‘இருக்கட்டும் மேடம்’ என்று மேசைமேல் வைத்துவிட்டுச் சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். பிறகு நேராகக் குளியலறைப் பக்கம் போய், அங்கே எப்போதோ உப்புப் பூத்துக் காரை பெயர்ந்த இடத்தைப் பல கோணத்தில் படம் எடுத்தார். அது வேறு சுவர், வேறு பைப் என்று என் வீட்டுக்காரர் சொன்னதற்கு, ‘எல்லாம் எழுதிவிடுகிறேன் சார்’ என்றார். என்ன எழுதினார் என்பது நிறுவனத்தின் கடிதம் வந்தபோது தெரிந்தது. நாள்பட்ட கசிவாம். தேய்மானமாம். பாலிசியில் வராதாம்.

உங்கள் கட்டுரை சொன்ன மற்ற விவரங்கள் சரிதான். 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் பாரத் கிருஹ ரக்ஷா என்ற வீட்டுக் காப்பீட்டுப் பாலிசியைத் தர வேண்டும். தண்ணீர்த் தொட்டியோ பைப்போ உடைந்தாலும் நிரம்பி வழிந்தாலும் அதில் இழப்பீடு உண்டு. கட்டடத்துக்கான காப்பீட்டுத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை வீட்டுச் சாமான்களுக்கும் தானாகவே சேர்ந்துவிடும். இதையெல்லாம் கலர் கட்டம் கட்டிப் போட்டீர்கள். சொட்டுச் சொட்டாகக் கசிந்து வந்த சேதத்துக்குக் காசு கிடையாது என்பதை மட்டும் எங்குமே சொல்லவில்லை. எங்களைப் போன்றவர்கள் தோற்பது அங்கேதானே? சுவருக்குள் இருக்கிற பைப் உடைவதற்கு முன்னால் நான்கு நாள் கசிந்ததா, இல்லையா என்று யார் கண்டது? வெளியே தெரிந்திருந்தால் ஆளைக் கூப்பிட்டிருக்க மாட்டோமா? சுவரை உடைத்துப் பார்த்த பிளம்பர் சொல்வது எடுபடவில்லை, உடைக்காமல் தட்டிப் பார்த்தவர் சொல்வது எடுபடுகிறது.

சரி, பாலிசியில் என்ன எழுதியிருக்கிறது என்று முன்னாலேயே படித்திருக்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். பாலிசி எங்கே இருந்தது? வீட்டுக்கடன் கொடுத்தபோதே வங்கியில் பிரீமியத்தைக் கடனோடு சேர்த்துவிட்டார்கள். காகிதம் அவர்கள் ஃபைலில். எங்களுக்குக் கிடைத்தது ஒற்றைத் தாள், அதுவும் ஆங்கிலத்தில். கலெக்டர் ஆபீஸ் பக்கம் நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கடன் காகிதங்களோடு வருகிறவர்களிடமும் இதே ஒற்றைத் தாளைத்தான் பார்க்கிறேன். வீட்டுக்குக் காப்பீடு இருப்பதே தெரியாமல் அதற்கும் சேர்த்து வட்டி கட்டுகிறவர்கள் உண்டு. அந்தப் பாலிசியில் வங்கியின் பெயரும் இருப்பதால் கிளைம் பணம் வந்தாலும் முதல் உரிமை வங்கிக்கு என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இதில் அரசாங்கத்தின் பங்கும் உண்டு. 2025 செப்டம்பரில் தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீடுகளுக்கு ஜி.எஸ்.டி.யை எடுத்தார்கள். நல்லது. வீட்டுக் காப்பீட்டுக்கு 18 சதவீதம் அப்படியே நிற்கிறது. வீடு வைத்திருப்பவர்கள் எல்லாம் பங்களாக்காரர்கள் என்று நினைப்பு போலிருக்கிறது.

உங்களிடம் எனக்கு இன்னொரு வருத்தமும் உண்டு, சொல்லிவிடுகிறேன். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் பக்கத்து மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. ஏரி நிரம்பி, சாலையோரம் நின்ற வேன்களையும் கார்களையும் வெள்ளம் உருட்டிக்கொண்டு போனது. அரூரில் 33 சென்டிமீட்டர். என் அண்ணன் வீட்டில் கட்டில்மேல் ஏறி நின்றுகொண்டு ராத்திரியைக் கழித்தார்கள். அந்த வார இதழில் சென்னைக்கு எத்தனை பக்கம் கொடுத்தீர்கள், எங்களுக்கு எத்தனை பத்தி கொடுத்தீர்கள் என்று நீங்களே எடுத்துப் பாருங்கள். ஆனால் கோடை பிறந்தால் மட்டும் தவறாமல் எங்கள் ஊருக்கு ஆள் அனுப்பிவிடுவீர்கள், காலிக் குடங்களை வரிசையாக வைத்துப் படம் எடுக்க. அந்தப் படங்களைப் பார்த்துத்தானே கட்டுரையாளர் அந்த வரியை எழுதியிருப்பார்?

வேறெதற்கும் இல்லை, ஒரே ஒரு சின்னக் கோரிக்கைக்காகத்தான் எழுதுகிறேன். அடுத்த இதழில் ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள். கிளைம் மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். 50 லட்சம் ரூபாய் வரையிலான இழப்பீட்டை அவர் விசாரிக்கலாம். எங்களுக்கே இதைக் கடைக்கு வந்த ஒரு வாடிக்கையாளர் சொல்லித்தான் தெரியும். மனு அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறோம், எல்போவும் கவரிலேயே பத்திரமாக இருக்கிறது. வீட்டுக்கடன் வாங்கியவர்கள் வங்கியில் முழுப் பாலிசியின் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதையும் அந்தப் பெட்டியில் சேருங்கள். திருத்தம், வருத்தம் எல்லாம் போட வேண்டாம். கடைசிப் பக்கத்தில் ஜோசியத்துக்குக் கீழே பொடி எழுத்தில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
இலக்கியம்பட்டி, தர்மபுரி.