தானியேல் சோதனைக்கு அஞ்சவில்லை: கிறிஸ்தவ வீட்டுக்கல்விக் குழுக்களை நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான மூப்பர்களே, குழுத் தலைவர்களே, ஒருங்கிணைப்பாளர்களே,

ஸ்தோத்திரம்.

வீட்டில் படிக்கும் பிள்ளைகளின் பெயரைப் பதிவு செய்ய வேண்டும் என்று எந்த நாட்டில் ஒரு மசோதா வந்தாலும் சரி, மறுநாளே நம் குழுக்களில் ஒரே மாதிரிச் செய்தி சுற்ற ஆரம்பித்துவிடுகிறது. பிள்ளைகளைப் பிடுங்கப் போகிறார்கள், விசுவாசத்தை அழிக்கப் போகிறார்கள், உபவாசித்து ஜெபியுங்கள், பத்துப் பேருக்கு அனுப்புங்கள். மசோதாவின் பிரதியையும் சேர்த்து அனுப்பியவர் ஒருவரை நான் இன்னும் பார்க்கவில்லை. நானும் பிள்ளைகளை வீட்டில் வைத்துப் படிக்கவைக்கும் பெற்றோர்தான். புதிதாக ஹோம்ஸ்கூலிங் தொடங்கிப் படிவங்களைப் பார்த்து மலைத்து நிற்கும் குடும்பங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உதவியும் வருகிறேன். அந்த உரிமையில் கேட்கிறேன்: பதிவு, ஆண்டுக்கொரு மதிப்பீடு, பிள்ளைக்கென்று ஒரு கோப்பு, இந்த மூன்றையும் எதிர்ப்பதை விடுங்கள். அதோடு நிற்காமல், உங்கள் குழுவில் சேர இவற்றையே நிபந்தனையாக்குங்கள்.

நம் கூட்டங்களில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பிலிருந்தே தொடங்குகிறேன். 1922-ல் அமெரிக்காவின் ஓரிகான் மாநிலம், 8 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகள் அரசுப் பள்ளிக்குத்தான் போகவேண்டும் என்று சட்டம் போட்டது. பள்ளி நடத்திவந்த கத்தோலிக்க அருட்சகோதரிகள் வழக்குத் தொடுத்தார்கள். பிள்ளை அரசின் வெறும் படைப்பு அல்ல என்று சொல்லி 1925-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லாததாக்கியது. மேடையில் இந்த இடத்தில் கைதட்டல் விழும், பேச்சாளரும் அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார். ஆனால் அந்தத் தீர்ப்பிலேயே இன்னொன்றும் இருக்கிறது. பள்ளிகளை நியாயமான அளவுக்கு ஒழுங்குபடுத்தவும், பார்வையிடவும், ஆசிரியர்களையும் மாணவர்களையும் பரிசோதிக்கவும் அரசுக்கு உள்ள அதிகாரத்தை இந்த வழக்கில் யாரும் கேள்வி கேட்கவில்லை என்று நீதிபதிகள் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். நமக்கு வேண்டிய வரியை மட்டும் கிழித்து எடுத்துக்கொண்டு நூறு வருஷமாக வாதாடிக்கொண்டிருக்கிறோம்.

நவீன வாழ்க்கையை விட்டு ஒதுங்கி வாழும் கிறிஸ்தவச் சமூகமான ஆமிஷ் மக்களின் 1972-ம் ஆண்டு வழக்கும் அப்படித்தான். விஸ்கான்சின் மாநிலத்தில் எட்டாம் வகுப்புக்கு மேல் பிள்ளைகளை அனுப்ப மறுத்த மூன்று தகப்பன்மாருக்குத் தலைக்கு 5 டாலர் அபராதம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் அவர்கள் ஜெயித்தார்கள். பிள்ளைகள் எட்டு வருஷம் ஒழுங்காகப் படித்திருந்தார்கள், அதன்பின் பண்ணையிலும் வீட்டிலும் என்ன கற்கப் போகிறார்கள் என்பதை அந்தச் சமூகம் தன் நீண்ட வரலாற்றைக் கொண்டு காட்டியது. வேறு குழுக்கள் பலவற்றால் இப்படிக் காட்டிவிட முடியாது என்றும் நீதிமன்றம் சொல்லிவைத்தது. நீதிபதி டக்ளஸ் மட்டும் ஓர் இடத்தில் மாறுபட்டார்: பிள்ளைகளிடம் யாராவது கேட்டீர்களா? சம்பந்தப்பட்ட மூன்று பிள்ளைகளில் ஃப்ரீடா யோடர் என்ற பெண் ஒருத்திதான் சாட்சிக் கூண்டில் ஏறி, இது என் சொந்த விசுவாசம் என்று சொல்லியிருந்தாள். அவளைப் பொறுத்தவரை டக்ளஸ் தீர்ப்போடு ஒத்துப்போனார், மற்ற இருவர் விஷயத்தில் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தக் கேள்வி இன்றும் நம் குழுக்களின் வாசலில்தான் நிற்கிறது.

ஜெர்மனியைக் காட்டுவீர்கள் என்று தெரியும். அங்கே வீட்டுக்கல்விக்கு வழியே இல்லை என்பது உண்மை. 2013 ஆகஸ்டில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தின் நான்கு பிள்ளைகளை அதிகாரிகள் எடுத்துப்போய் மூன்று வாரம் வெளியே வைத்திருந்ததை நான் நியாயப்படுத்தப் போவதில்லை. ஸ்வீடனின் 2010-ம் ஆண்டுப் பள்ளிச் சட்டம் மிக விதிவிலக்கான சூழல் இருந்தாலொழிய அனுமதி இல்லை என்று கதவைச் சாத்தியது. பிரான்சில் அறிவித்தால் போதும் என்றிருந்த முறை, 2021-ல் வந்த சட்டத்தால் முன் அனுமதி வாங்கும் முறையாக மாறிவிட்டது. இவை நாம் எதிர்த்துப் போராட வேண்டிய சட்டங்கள்தான். ஆனால் அந்த ஜெர்மன் குடும்பத்தின் வழக்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2019 ஜனவரியில் அளித்த தீர்ப்பை உங்களில் எத்தனை பேர் வாசித்தீர்கள்? பிள்ளைகளுக்குப் போதுமான அறிவும் பழகும் திறனும் இருந்தன, பெற்றோரிடம் பாசமாகவும் இருந்தார்கள் என்று பின்னால் நடந்த மதிப்பீட்டில் தெரியவந்தது. பிள்ளைகளை எடுத்த நாளில் அந்தத் தகவல் அதிகாரிகளிடமும் இல்லை, உள்ளூர் நீதிமன்றத்திடமும் இல்லை. அவர்களிடம் இருந்த தகவல்களில் ஒன்று, பிள்ளைகள் பெற்றோரின் உடைமை என்ற தகப்பனின் பேச்சு. கையில் இருந்ததை வைத்து அதிகாரிகள் பிள்ளைகளுக்காக அஞ்சியது நியாயமே என்று சொல்லி, உரிமை மீறல் எதுவும் இல்லை என்று தீர்ப்பாயிற்று. ஒரு மதிப்பீட்டுத் தாள் முன்கூட்டியே மேசையில் இருந்திருந்தால் அந்தச் சட்டம் மாறியிருக்காது. ஆனால் அந்த மூன்று வாரம் நேர்ந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

தடை செய்வது வேறு, கேட்பது வேறு. கேட்கும் நாடுகள் என்ன கேட்கின்றன என்று பார்த்தால் நம் பதற்றம் கொஞ்சம் அசட்டுத்தனமாகவே தெரிகிறது. அயர்லாந்தின் அரசியல் சாசனம், பிள்ளையின் முதல் ஆசான் குடும்பமே என்று சொல்லிவிட்டு, குறைந்தபட்சக் கல்வி கிடைக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பை அரசிடம் விடுகிறது. அதற்காகத்தான் பதிவேடு. நியூசிலாந்தில், பள்ளியில் கற்பிக்கும் அளவுக்கு முறையாகவும் நன்றாகவும் கற்பிப்பேன் என்று காட்டி, பள்ளிக்குப் போவதிலிருந்து விலக்குச் சான்று வாங்க வேண்டும். அமெரிக்காவிலேயே கடுமையானது என்று பெயரெடுத்த நியூயார்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூலை 1-க்குள் ஒரு கடிதம், பாடத்திட்டம் ஒன்று, வருஷத்தில் நான்கு காலாண்டு அறிக்கை, கடைசியில் ஒரு மதிப்பீடு. ஆறாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 900 மணி நேரம், அதற்கு மேல் 990. நீங்கள் எந்தச் சபைக்குப் போகிறீர்கள், காலையில் எந்த அதிகாரம் வாசித்தீர்கள் என்ற கேள்வியே கிடையாது. டெக்சஸ் மாதிரி பதிவு, அறிக்கை, மதிப்பீடு என்று எதுவுமே கேட்காத மாநிலங்களும் உண்டு. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

காலாண்டு அறிக்கை என்றதும் பயந்துபோகிறவர்களுக்கு நான் ஒரு நோட்டைக் காட்டுவேன். அதில் ஒரு பக்கம் இப்படி இருக்கும்: "செவ்வாய். பின்னக் கூட்டல். 1/3 + 1/4. மூன்று தடவை 2/7 என்றாள். காகிதப் பட்டையை மடித்து வெட்டிக் காட்டியபின் 7/12. ஒரே மாதிரி ஐந்து கணக்கு, நான்கு சரி. வாசிப்பு: இரண்டு பக்கம், சத்தமாக, ஆறு சொல்லில் தடங்கல்." எழுதச் சில நிமிஷம் போதும். மூன்று மாதம் இப்படி எழுதினால் அறிக்கை தானாகவே தயார். இதைவிட முக்கியம், பிள்ளைக்குப் பின்னம் வரவில்லை என்பது மூன்றாம் மாதமே தாயின் கண்ணில் பட்டுவிடும், மூன்றாம் வருஷம் வரை காத்திருக்காது. அதிகாரிக்காக எழுதும் நோட்டு என்று நினைத்து அலுத்துக்கொண்டவர்களில் பலர், ஒரு பருவம் போனபின் தங்களுக்காகவே எழுத ஆரம்பித்ததைப் பார்த்திருக்கிறேன்.

"இராயனுக்கு ஏன் கணக்குக் காட்ட வேண்டும்" என்று, அரசாங்கத்தை மனதில் வைத்து ஒரு குழுத் தலைவர் என்னிடம் கேட்டார். அவர் வேத வசனத்தோடு பேசியதால் நானும் வேதத்திலிருந்தே பதில் சொல்கிறேன். தானியேலும் அவன் நண்பர்களும் பாபிலோன் ராஜாவின் போஜனத்தால் தங்களைத் தீட்டுப்படுத்துவதில்லை என்று தீர்மானித்தபோது, மேல்விசாரணைக்காரனிடம் என்ன சொன்னார்கள்? எங்களைக் கேட்க நீ யார் என்றா? பத்து நாள் எங்களைச் சோதித்துப் பாரும், எங்கள் முகங்களையும் ராஜ போஜனம் புசிக்கிற வாலிபரின் முகங்களையும் ஒப்பிட்டுப் பாரும் என்று அவர்களே முந்திக்கொண்டு கேட்டார்கள். அளவுகோலையும் காலக்கெடுவையும் அவர்களே வைத்தார்கள். மனசாட்சியை ஒரு அங்குலமும் விட்டுக்கொடுக்கவில்லை, சோதனையையும் மறுக்கவில்லை. பிள்ளைகளுக்கு நீயே கற்பி என்று சொல்லும் உபாகமம் 6-ஐச் சுவரில் மாட்டியிருக்கும் வீடுகளில் தானியேல் 1-க்கும் கொஞ்சம் இடம் இருக்கட்டும்.

எதுவுமே கேட்காத சட்டத்தைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். அங்கேதான் குழுவின் பொறுப்பு இரட்டிப்பாகிறது. 2015-ல் டெக்சஸில் ஓர் இளம்பெண், தான் அமெரிக்காவில் பிறந்தவள் என்பதை நிரூபிக்க உதவி கேட்டுப் பகிரங்கமாகப் பேசினார். வீட்டில் பிறந்து வீட்டிலேயே படித்தவர். பிறப்புச் சான்றிதழும் இல்லை, பள்ளி ஆவணம் எதுவும் இல்லை. சான்று இல்லாமல் வேலை, ஓட்டுநர் உரிமம் எல்லாமே எட்டாக்கனி. அதே வருஷம், இப்படி ஆவணம் தர மறுக்கும் பெற்றோரைக் குற்றவாளியாக்கும் சட்டத்தை டெக்சஸ் கொண்டுவந்தது. அரசு கேட்காத காகிதத்தைக் குழுவாவது கேட்டிருக்கலாம்.

இந்தியாவில் சிக்கல் இன்னொரு மாதிரி. 2009-ன் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று 10-வது பிரிவில் சொல்கிறது, சேர்க்காவிட்டால் தண்டனை என்று எதுவும் சொல்லவில்லை. 2012-ன் திருத்தம் மதரசாக்களையும் வேத பாடசாலைகளையும் சமயக் கல்வி நிறுவனங்களையும் விலக்கி வைத்தது. வீட்டுக்கல்வியைப் பற்றி மூச்சுவிடவில்லை. ஆக, பதிவு செய்ய நினைத்தாலும் அதற்கென்று ஒரு படிவம் இல்லை. பெற்றோருக்கு இருக்கும் தெளிவான வழி, 14 வயது நிரம்பியதும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நடத்தும் பத்தாம் வகுப்புத் தேர்வு. இதைத் தெரியாமல் பதினாறு, பதினேழு வயதில் முழிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். "தடை ஒன்றும் இல்லை, நிம்மதியாக இருங்கள்" என்று சேரும் நாளில் சொன்ன குழு அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பதில்லை.

அப்புறம், உங்கள் உள் விதிமுறைகளைப் பற்றி. விசுவாச அறிக்கையில் கையெழுத்து வாங்குகிறீர்கள், நல்லது. உடை ஒழுங்குக்கு ஒரு பக்கம், சந்தாவுக்கு ஒரு பக்கம். கூட்டு வகுப்பில் பாடம் எடுக்க வருகிறவரின் பின்னணியை விசாரிக்கிறீர்களா? ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக இருக்கக்கூடாது என்ற விதி எழுத்தில் இருக்கிறதா? பிள்ளைக்கு ஏதாவது நேர்ந்தால் யாரிடம் சொல்வது, சபைப் போதகரிடமா, போலீஸிடமா? "முதலில் மூப்பரிடம் சொல்லுங்கள்" என்று எழுதிவைத்திருக்கும் குழுக்கள் அந்த வரியை இன்றே அடித்துவிடுங்கள். குற்றத்தை விசாரிக்கும் வேலை மூப்பருடையது இல்லை, பல நாடுகளில் அதை மறைப்பதே குற்றம். பள்ளிக்குப் போகும் பிள்ளையின் முகவாட்டத்தைக் கவனிக்க ஒரு ஆசிரியையாவது இருப்பார். நம் பிள்ளைகளில் சிலருக்கு, வீட்டுக்கு வெளியே அப்படி ஒரு முகம் இருப்பது உங்கள் வாராந்திர வகுப்பில் மட்டும்தான்.

நீதிமன்ற ஆணை இல்லாமல் அதிகாரியை வீட்டுக்குள் விடாதீர்கள் என்று வகுப்பு எடுக்கிறீர்களே, அது தப்பு என்று சொல்லமாட்டேன். சட்டம் தரும் பாதுகாப்பைக் கேட்டுப் பெறலாம், பவுலே தன் ரோமக் குடியுரிமையை எடுத்துக்காட்டித்தான் சவுக்கடியிலிருந்து தப்பினார். ஆனால் புதுக் குடும்பத்துக்கு முதல் பாடமே அதுவாக இருந்தால், பிள்ளை அரசைப் பற்றிக் கற்கும் முதல் பாடமும் அதுதான். கிறிஸ்தவர்களைக் கண்டாலே முறைக்கும் அதிகாரிகள் இருக்கிறார்கள், அதையும் மறுக்கவில்லை. அப்படிப்பட்டவர் கேட்கும்போது, நாள் தவறாமல் எழுதிய கோப்பு ஒன்றை எடுத்து நீட்டும் பெற்றோரிடம் அவருக்கு மேற்கொண்டு கேட்க அதிகம் இருக்காது.

நான் கேட்பது இவ்வளவுதான். அடுத்த கல்வியாண்டின் உறுப்பினர் படிவம் அச்சுக்குப் போகும் முன், விசுவாச அறிக்கைக்குக் கீழே மூன்று வரி சேருங்கள். இந்தக் குடும்பம் தன் நாட்டின் சட்டம் கேட்கும் அறிவிப்பைக் கொடுத்திருக்கிறது, சட்டம் எதுவும் கேட்காத இடமென்றால் பிள்ளையின் பிறப்புச் சான்றும் கல்விக் கோப்பும் வீட்டில் இருக்கின்றன. பெற்றோர் அல்லாத ஒருவர் வருஷத்துக்கு ஒரு தடவை பிள்ளையின் படிப்பை மதிப்பிடச் சம்மதம். பன்னிரண்டு வயதுக்கு மேல் ஆன பிள்ளை, வீட்டிலேயே படிப்பைத் தொடர விருப்பமா என்று தானே எழுதிக் கையெழுத்திட இடம். மூன்றாவது வரியைச் சேர்க்கத் தயக்கம் வரும். ஏன் வருகிறது என்பதையே அடுத்த தலைவர்கள் கூட்டத்தில் பேச எடுத்துக்கொள்ளுங்கள். பதிலை எல்லாப் பெற்றோரும் வாசிக்கும்படி எழுத்தில் தாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் குழு ஒன்றில் சந்தா கட்டும் ஒரு பெற்றோர்