நிழல்வலை தைக்க வந்தவர்

போச்சம்பள்ளி,
மாசி 5

அன்புத் தோழிக்கு,

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டாயா? "போன்ல ஒண்ணும் சொல்லாதடி, எல்லாத்தையும் எழுதி அனுப்பு, படுத்துக்கிட்டே நாலு தரம் படிக்கிறேன்" என்று நீ சொன்ன நாளிலிருந்து எழுத வேண்டும் என்றுதான் இருந்தேன். பந்தல் பிரித்து, பாத்திரம் திருப்பிக் கொடுத்து, மொய் நோட்டைப் பார்த்து முடிப்பதற்குள் மாசி பிறந்துவிட்டது. இன்றைக்கு வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான். அம்மா தூங்குகிறார். உட்கார்ந்துவிட்டேன்.

என் தங்கச்சி பாப்பாவுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதடி. இதை எழுதும்போதே கை ஒரு நிமிடம் நிற்கிறது. 45 வயதாகியும் நமக்கு அவள் பாப்பாதான். நாம் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வாசலில் புளியங்கொட்டை வைத்து விளையாடிக்கொண்டு இருப்பாளே, அந்தப் பாப்பா. 2010 வைகாசியில் மாங்காய் லோடு ஏற்றிக்கொண்டு கேரளாவுக்குப் போன அவள் வீட்டுக்காரர் தொப்பூர் கணவாய் தாண்டவில்லை. அப்போது இவளுக்கு 29, மகளுக்கு 4. அதெல்லாம் உனக்குத் தெரியும், நீதான் ரயில் ஏறி வந்து பத்து நாள் கூட இருந்தாய். அதற்குப் பிறகு அவள் ஒரு தையல் மிஷின் வாங்கி, சந்தைக்குப் போகும் வழியில் கடை போட்டு, மகளைப் படிக்க வைத்ததுவரை தெரியும். மீதியைச் சொல்கிறேன்.

அப்பா வைத்த மாந்தோப்பில் எழுபது மரம். பெரும்பாலும் பெங்களூராதான். பழக்கூழ் ஃபேக்டரிக்குப் போகிற காய். அவர்கள் சொல்வதுதான் விலை, காய்ப்பு நன்றாக இருக்கிற வருசத்தில் பறிகூலிக்கே கட்டாது. பாப்பாதான் யோசனை சொன்னாள்: கிழக்கு வரப்பில் இருக்கிற பன்னிரண்டு மரத்தை மட்டும் இமாம்பசந்தாக மாற்றிவிடலாம் என்று. பழைய மரத்தைப் பிடுங்க வேண்டியதில்லை. கிளைகளை வெட்டிவிட்டால் புதுத் துளிர் கிளம்பும். அது பென்சில் பருமன் ஆனதும் அதன் மேலே வேறு ஜாதி ஒட்டுக் கட்டலாம். வேலை தெரிந்தவர் கட்ட வேண்டும், அவ்வளவுதான். நம்ம பக்கத்தில் ஒட்டு மாங்கன்று என்றால் சந்தூர்தானே. அங்கே நர்சரி வைத்திருக்கிற ஒருவரை அண்ணனே கூட்டிக்கொண்டு வந்தார். 2023 ஆடி மாதம், மழை தூறிக்கொண்டிருந்தது.

நான் அன்றைக்கு அங்கே இருந்தேன். ஒட்டுக் குச்சியை ஆப்பு மாதிரி இரண்டு பக்கமும் சீவி, துளிரைப் பிளந்து, அதற்குள் செருகி, பாலிதீன் நாடாவால் இறுக்கிக் கட்டி, மேலே ஒரு உறையை மாட்டுவார். ஈரம் போய்விடக் கூடாது என்பதற்காக. ஒன்றுக்கு இரண்டு நிமிடம் ஆகவில்லை. நாடா தீர்ந்துபோய் அவர் கத்தியால் வெட்ட ஆரம்பித்தபோது, பாப்பா உள்ளே போய்த் துணி வெட்டுகிற கத்தரியை எடுத்து வந்து, திண்ணையில் உட்கார்ந்து ஒரே அளவாக வெட்டிக் கொடுத்தாள். அவர் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு, "இருபது வருசமா கட்டுறேன், இவ்வளவு நேரா நாடா வெட்டிக் கொடுத்தவங்க யாரும் இல்ல" என்றார். அவள் தலையை நிமிர்த்தவில்லை. ஆனால் அதற்கப்புறம் வெட்டிய ஒவ்வொரு நாடாவையும் ஒருமுறை கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் வைத்தாள்.

ஒட்டுப் பிடித்ததா என்று தெரிய இரண்டு மூன்று வாரமாகும். அவர் போன் செய்து "துளிர் வந்திருக்கா?" என்று கேட்பார். இவள் தோப்பைச் சுற்றிவந்து எந்த மரத்தில் எத்தனை பச்சையாக இருக்கிறது, எத்தனை கறுத்துவிட்டது என்று எண்ணிச் சொல்வாள். பன்னிரண்டில் ஒன்பது மரம் பிடித்தது. அதோடு அவருக்கு இங்கே வேலை முடிந்துவிட்டது. ஆனால் அடுத்த மாதமே கிழிந்துபோன நிழல்வலை ஒன்றைச் சுருட்டி வண்டியில் கட்டிக்கொண்டு கடைக்கு வந்து நின்றார். ரவிக்கை தைக்கிற கடையில் நிழல்வலை! பாப்பா ஊசியை மாற்றி, கெட்டி நூல் போட்டு, இரட்டைத் தையல் அடித்துக் கொடுத்தாள். அப்புறம் இன்னொரு வலை. அப்புறம் கன்றுக்கு மண் அள்ளுகிற சாக்கு. ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குக் கன்று கொண்டுவரும்போதெல்லாம் தைக்க ஏதோ ஒன்று இருந்தது. அவர் மனைவி 2021-ல் கொரோனாவில் போய்விட்டார், ஒரே மகன் ஓசூரில் வேலை பார்க்கிறான். இதெல்லாம் அவர் அவளிடம் சொல்ல ஒரு வருசம் ஆகியிருக்கிறது. சொன்னபோதும் நிழல்வலையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னாராம். நீளமான வலை, இரண்டு பேர் பிடித்தால்தான் தைக்க முடியும்.

எனக்குச் சொன்னது யார் தெரியுமா? அவள் மகள். நர்சிங் இரண்டாம் வருசம் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தவள் என்னிடம், "பெரியம்மா, அம்மா இப்பல்லாம் ஞாயிற்றுக்கிழமை தலைக்குப் பூ வாங்கறாங்க. வாங்கி சாமி படத்துக்கு வச்சிடறாங்க. அந்தப் பூவை அவங்க தலையில வைக்கறதுக்கு நீங்கதான் ஏதாவது செய்யணும்" என்றாள். நான் முதலில் அவள்மேல் கோபப்பட்டேன். சின்னப் பெண் பேசுகிற பேச்சா என்று. இரவெல்லாம் தூங்கவில்லை. விடியும்போது தெரிந்தது, என் கோபம் அவள்மேல் இல்லை.

2018-ல் என் மகள் கல்யாணம் நினைவிருக்கிறதா? நீ மண்டபத்தில், "பாப்பா எங்கடி?" என்று கேட்டாய். ஸ்டோர் ரூமில் இருந்தாள். எல்லாருக்கும் ரவிக்கை தைத்தவள் அவள், மணமகள் ரவிக்கைக்கு ஜரிகை வைத்து மூன்று இரவு உட்கார்ந்தவள் அவள். நலங்கு வைக்கும்போது மட்டும் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். யாரும் போகச் சொல்லவில்லை. வா என்றும் யாரும் கூப்பிடவில்லை, நானும்தான். அவளை அப்படி வைத்திருந்தது விதியோ ஊரோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கூடப் பிறந்த நாங்கள்தான் அப்படி வைத்திருந்தோம்.

அண்ணன் ஒத்துக்கொள்ள ஆறு மாதம் ஆயிற்று. "வயசுக்கு வந்த பெண்ணை வீட்டில் வைத்துக்கொண்டு அம்மாவுக்குக் கல்யாணமா" என்பது ஒன்று. அவர்கள் தெலுங்கு பேசுகிறவர்கள், "வேற ஆளுங்க" என்பது இன்னொன்று. நம்ம கிருஷ்ணகிரியில் காய்கறிக் கடைக்குப் போனால் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நாலும் காதில் விழும். வீட்டுக்குள் வருவது என்றால் மட்டும் யோசிப்போம். நான் அண்ணனிடம் வாதாடவில்லை. நேராகச் சந்தூருக்குப் போனேன். அவர் அம்மாவுக்கு எண்பது இருக்கும். "ரா அம்மா, கூர்ச்சோ" என்று கையைப் பிடித்து உட்கார வைத்து, சூடாக ராகிக் களியும் அவரைக்காய்க் குழம்பும் போட்டார்கள். வசதி என்ன, நகை என்ன என்று ஒன்றும் கேட்கவில்லை. நான் கிளம்பும்போது, "அந்தப் பொண்ணுக்குத் தையல் மிஷின் வைக்க வெளிச்சமான இடமா வேணும் இல்ல? இந்த ஜன்னல் பக்கம் சரியா இருக்குமா பாரு" என்றார்கள். வீட்டுக்கு வந்து அண்ணனிடம் இதை மட்டும்தான் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, மறுநாள் அண்ணியோடு அந்த ஜன்னலைப் பார்க்கப் போனார்.

தை மாதம், நம் தோப்பிலேயே பந்தல். மண்டபம் வேண்டாம் என்று பாப்பா சொல்லிவிட்டாள். மாமரமெல்லாம் பூத்து நிற்கிற நேரம், அந்த வாசனை உனக்குத் தெரியும். பூவில் தத்துப்பூச்சிக்கு மருந்தடிக்கிற காலமும் அதுதான். அண்ணன் சுற்றிலும் நாலு தோப்புக்காரர்களிடம் போய், இரண்டு நாள் மட்டும் மருந்தடிக்க வேண்டாம் என்று கேட்டு வந்தார். எல்லாரும் சரி என்றார்கள். ஒருவர் மட்டும், "கல்யாணப் பொண்ணு எனக்கும் தங்கச்சிதான், நாலு நாள் கழிச்சே அடிக்கிறேன்" என்றாராம். ஆறு மாதம் வேண்டாம் என்று நின்ற மனிதர் இதைச் சொல்லும்போது அழுதுவிட்டார்.

பழைய தாலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா அதை உருக்கிப் புதுத் தாலிக்குச் சேர்த்துவிடலாம் என்றார். பாப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "அது அவ அப்பா கட்டினது, அவளுக்குத்தான்" என்று மகள் கையில் கொடுத்துவிட்டாள். அதைக் கேட்டு மாப்பிள்ளை தனியாகத் தங்கம் வாங்கி வந்தார்.

நலங்கு முதல்நாள் சாயங்காலம். மணையில் பாப்பா உட்கார்ந்தாள், மாம்பழ மஞ்சள் நிறத்தில் சேலை. அண்ணி தட்டை எடுத்துக்கொண்டு முன்னால் வந்தார். பாப்பா, "அண்ணி, முதல்ல அம்மா வைக்கட்டும்" என்றாள். எல்லாரும் அமைதியாகிவிட்டோம். அப்பா போன ஏழு வருசமாக அம்மா எந்த நல்ல காரியத்திலும் கைவைத்ததில்லை. அடுப்படிக் கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தார். "நான் எப்படிடி வைப்பேன், நல்லா இருக்கிறவங்க வைக்கட்டும்" என்றார். பாப்பா மணையிலிருந்து எழுந்து போய் அம்மா கையைப் பிடித்தாள். "நான் இத்தனை வருசம் நின்ன இடத்துல நீ நிக்காதம்மா. வா."

அம்மா வந்தார். சந்தனக் கிண்ணத்தில் விரலை வைத்துவிட்டு எடுக்கவே தெரியாமல் நின்றார். கன்னத்தில் பூசும்போது கை நடுங்கி, சந்தனம் காதுவரை இழுத்துவிட்டது. அதைத் துடைக்க யாரையும் பாப்பா விடவில்லை. எங்கள் சித்தி ஒருவர் முந்தானையை உதறிக்கொண்டு பந்தலுக்குப் போய்விட்டார். போனால் போகட்டும் என்று இருந்துவிட்டோம். அப்போது மாப்பிள்ளையின் அம்மா கோலை ஊன்றிக்கொண்டு எழுந்து வந்தார்கள். அவர்களும் அம்மாவைப் போலத்தான். அம்மா கையிலிருந்த கிண்ணத்தை வாங்கி, இரண்டாவதாக அவர்கள் வைத்தார்கள். மூன்றாவது நான். எட்டு வருசம் முன்னால் செய்திருக்க வேண்டியதைச் செய்தேன்.

மறுநாள் காலை முகூர்த்தம். ஐயர் இல்லை. மாப்பிள்ளையின் மாமா, வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், அவர்தான் நடத்தி வைத்தார். 1967-ல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது சட்டம் திருத்தியதால், உறவினரும் நண்பர்களும் முன்னால் இருக்க, ஒருவரை ஒருவர் துணையாக ஏற்கிறோம் என்று தெரிந்த மொழியில் சொல்லி, மாலை மாற்றினாலோ மோதிரம் போட்டாலோ தாலி கட்டினாலோ கல்யாணம் செல்லும் என்று எல்லாருக்கும் புரியும்படி சொன்னார். "கைம்பெண் மறுமணம் செஞ்சுக்கலாம்னு சட்டம் வந்தது 1856-ல. கூட்டத்துல இன்னும் யாராவது யோசிச்சிட்டு இருந்தா, யோசிக்க நிறைய நேரம் கொடுத்தாச்சு" என்றார். அம்மாக்கள் ஆசைக்காக ஜீலகர பெல்லமும் நடந்தது. சீரகத்தையும் வெல்லத்தையும் அரைத்து வெற்றிலையில் வைத்து, ஒருவர் தலையில் ஒருவர் அழுத்திப் பிடிக்க வேண்டும். தெலுங்குக்காரர்களுக்கு அதுதான் முகூர்த்தமே. பிறகு தாலி. அவர் கட்டும்போது பின்னால் நாத்தனார் முடிச்சுப் போட அவர் தங்கை நின்றார். பக்கத்தில் விளக்கைப் பிடித்து நின்றது பாப்பாவின் மகள். அவர் மகன் ஓசூரிலிருந்து இரண்டு கூடை ரோஜா கொண்டுவந்திருந்தான். தாலி ஏறியதும் அவன்தான் முதலில் பூ போட்டான், நிறையப் போட்டான்.

சாப்பாடு வழக்கம்போலத்தான். தையில் மாங்காய் ஏது? போன சித்திரையில் பாப்பா போட்ட ஆவக்காய் ஜாடியைத் திறந்தோம், பந்தி முடிவதற்குள் காலி.

போன வாரம் பதிவு செய்யப் போனோம். 90 நாளுக்குள் செய்ய வேண்டும் என்பதால் அண்ணன் விரட்டிக்கொண்டே இருந்தார். கல்யாணப் பத்திரிகை, போட்டோ, வயதுச் சான்று, அதோடு இரண்டு பேருடைய பழைய துணையின் இறப்புச் சான்றிதழும் வேண்டும். மேஜையில் அந்த இரண்டு காகிதமும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன, மேலே இவர்கள் மாலையும் கழுத்துமாக நிற்கிற போட்டோ. பாப்பா தன் பழைய வீட்டுக்காரர் பெயரைப் பார்த்தபடியே நின்றாள். அவர் எதுவும் சொல்லவில்லை. வேலை முடிந்து காகிதங்களைத் திருப்பித் தந்தபோது, முதலில் அவளுடையதை எடுத்து, மடங்காமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு அவள் கையில் கொடுத்துவிட்டு, அப்புறம்தான் தன்னுடையதை எடுத்தார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். என் தங்கை நல்ல இடத்துக்குத்தான் போயிருக்கிறாள் என்று எனக்கு அங்கே நிச்சயமாயிற்று.

கடையை மூடவில்லை. சந்தூரிலிருந்து தினம் பஸ்ஸில் வருகிறாள். ஜன்னல் பக்கம் ஒரு மிஷின், இங்கே ஒரு மிஷின். மாற்றி ஒட்டிய ஒன்பது மரத்தில் நாலு இந்த வருசம் பூத்திருக்கிறது. காய் நின்றால் ஆனியில் உனக்கு ஒரு பெட்டி பார்சல் அனுப்புகிறேன். நீ வந்தால் பார்சலே வேண்டாம்.

உன் பங்குக்குச் சேலை எடுத்து வைத்திருக்கிறோம். ரவிக்கையைப் பாப்பா தைக்கப்போகிறாள். அளவு பழையதுதானா, மாறியிருக்கிறதா என்று கேட்டாள். மறக்காமல் எழுது.

உன்,
இரண்டாம் பெஞ்சுத் தோழி