கணுக்காலிகள் பாடம்: பாடநூல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

அறிவியல் பாடநூல் எழுதும் குழுவினருக்கு வணக்கம்.

பூச்சி, சிலந்தி, நண்டு, இறால் எல்லாம் அடங்கிய கணுக்காலிகள் பாடத்தை வருஷா வருஷம் வகுப்பில் நடத்துகிற உயிரியல் ஆசிரியர் நான். முதலில் பொதுப் பண்புகள், அப்புறம் 'நன்மை செய்பவை, தீமை செய்பவை' என்று ஓர் அட்டவணை. நான் நடத்திய நூல்களில் எல்லாம் பாடம் இப்படித்தான் போகிறது. இறால் இந்தப் பக்கம், கொசு அந்தப் பக்கம். பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள், தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறார்கள். தோலுரிப்பிலிருந்து, அதாவது வளர்வதற்காகப் பழைய ஓட்டைக் கழற்றுவதிலிருந்து, பாடத்தைத் தொடங்குங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

ஒருநாள் ஆய்வக மேசைக்கு அடியில் பால்வெள்ளையாக ஒரு கரப்பான் பூச்சி இருந்தது. புது இனம் என்று நினைத்து ஒரு மாணவி கூப்பிட்டாள். பக்கத்திலேயே அதன் பழைய சட்டை கிடந்தது. முதுகு நெடுகப் பிளந்திருந்தது, காலில் இருந்த முட்கள்கூட அப்படியே இருந்தன. பிளவுக்குள் மெல்லிய வெள்ளை இழைகள் தெரிந்தன. அவை மூச்சுக்குழல்களின் உள்தோல் என்றதும் வகுப்பே குனிந்து பார்த்தது. மாலைக்குள் பூச்சி பழுப்பாகிவிட்டது.

கைட்டின் என்ற உறுதியான பொருள் கலந்த அந்த ஓடு இறுகிய பிறகு விரிந்து கொடுக்காது. வளர வேண்டுமென்றால் கழற்றியே ஆக வேண்டும். பூச்சி காற்றையும் நண்டு நீரையும் உள்வாங்கி உடம்பை ஊத வைத்துக்கொள்கின்றன, அப்புறம்தான் புது ஓடு இறுகுகிறது. அதுவரை நண்டுக்குக் கொடுக்கு இருந்தும் பயனில்லை, ஒளிந்துகொள்கிறது. இத்தனையையும் தொடங்கிவைக்கிற ஹார்மோன் எக்டைசோன். 1954-ல் புட்டனான்ட், கார்ல்சன் என்ற ஜெர்மன் வேதியியலாளர்கள் இருவரும் சுமார் 500 கிலோ பட்டுப்புழுக் கூட்டுப்புழுக்களிலிருந்து அதைப் பிரித்தபோது கிடைத்தது வெறும் 25 மில்லிகிராம். இதைச் சொன்னால் எந்தப் பிள்ளையும் மறக்காது.

மனிதருக்கும் இவற்றுக்கும் உள்ள உறவும் இங்கேயே விளங்கிவிடும். டைஃப்ளூபென்சூரான் என்ற பூச்சிக்கொல்லி மருந்து கைட்டின் உருவாவதைத் தடுக்கிறது. கொசுப்புழு அடுத்த தோலுரிப்பைத் தாண்டாமல் சாகிறது. நம் உடம்பில் கைட்டின் இல்லை, ஆனால் இறாலுக்கும் நண்டுக்கும் இருக்கிறது. மருந்து நீர்நிலையில் கலந்தால் அவையும் சாகும். அட்டவணையில் எதிரெதிர்ப் பக்கம் நிற்கிற இரண்டும் ஒரே மாதிரி ஓட்டுக்குள் வாழ்கின்றன என்பதை அந்த அட்டவணையால் சொல்லவே முடியாது.

உண்ணியையும் பாருங்கள். லைம் நோயைப் பரப்பும் உண்ணி, ஒரு விலங்கிடம் வயிறு முட்ட ரத்தம் குடித்து, விழுந்து, தோலுரித்து, வேறொரு விலங்கைத் தேடிப் போகிறது. முதல் கடியில் ஏறிய கிருமி தோலுரிப்பையும் தாண்டி உடம்பிலேயே தங்கி, அடுத்த கடியில் நமக்கு வருகிறது. நோய் எப்படித் தொற்றுகிறது என்ற கேள்விக்கே விடை தோலுரிப்பில்தான் இருக்கிறது. நூலில் 'உண்ணி: நோய் பரப்பும்' என்று ஒரே வரி!

இன்னொன்று. பேச்சுவழக்கில் சிலந்திக்கு எட்டுக்கால் பூச்சி என்றே பேர். பூச்சிக்கு ஆறு கால், சிலந்தி பூச்சி இல்லை என்பதைச் சொல்லித்தர இதைவிட நல்ல இடம் கிடைக்காது. அதையும் நூலில் சேர்த்துவிடுங்கள்.

அட்டவணையை எடுத்துவிட்டு, முதல் பக்கத்தில் உரித்த சட்டை ஒன்றின் பெரிய படத்தைப் போடுங்கள். என் மாணவர்கள் சேகரித்த சட்டைகள் ஒரு டப்பா நிறைய இருக்கின்றன. கேட்டால் படமெடுத்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
ஓர் உயிரியல் ஆசிரியர்